ராத்திரியில் மின்னும் கடல்: அழகா, எச்சரிக்கையா?

2019 ஆகஸ்ட் 18 இரவு. சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக மின்ன, செல்போனும் கையுமாக ஜனங்கள் திரண்டார்கள். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இரண்டிலும் அடிபட்ட பெயர் ஒன்றுதான்: நாக்டிலூகா. பாம்பன் பக்கத்து மீனவர்களுக்கு இது 'பூங்கோரை'.

அது என்ன?

2 மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒரு செல் உயிரி. நுண்பாசிகளையும் மீன் முட்டைகளையும் தின்னும்.

எப்படி மின்னுகிறது?

அலையோ படகோ உரசினால், செல்லுக்குள் இருக்கும் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒளி விடுகிறது.

பச்சை நிறம் ஏன்?

இதில் ஒரு வகையின் உடலுக்குள் பச்சை நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. குடியிருக்கும் இடத்துக்கு வாடகை மாதிரி.

மீன் ஏன் சாகிறது?

கொஞ்சமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கழிவுநீரும் உரச்சத்தும் கடலில் கலந்தால் நுண்பாசி பெருகும். அதைத் தின்று நாக்டிலூகாவும் பெருகும். மொத்தமாகச் செத்து அழுகும்போது அதன் செல்களில் சேர்ந்திருந்த அம்மோனியா நீரில் கலக்கிறது. அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

என்ன செய்யலாம்?

செத்து ஒதுங்கிய மீனைச் சமைக்க எடுக்க வேண்டாம். கடலின் நிறம் மாறினால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் நிரந்தரத் தீர்வு கரையில்தான் இருக்கிறது: சாக்கடையைச் சுத்திகரிக்காமல் கடலில் விடக் கூடாது.