இன்வால்சி என்று பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம்

எமது வீட்டுக்குக் கீழ்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. இன்வால்சி சோதனை நடந்த அன்று மகளுக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லி அவர்கள் அவளை மறித்துவிட்டார்கள. பிள்ளைக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. பயம் தாய் தகப்பனுக்குத்தான். "பாஷை இன்னும் வடிவாப் பிடிபடேல்லை. குறைய எடுத்தால் வகுப்பிலை இருத்திப் போடுவினம்" என்றார்கள். எம்மவர் பலரிடமும் இந்த எண்ணம் இருப்பதால், நாம் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நாம் ஊரில் கண்டது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளி, ரியூசன், பெறுபேறு வந்த அன்று அயலெல்லாம் விசாரிப்பு. இன்வால்சி அப்படியானதல்ல. இது பிள்ளையை நிறுப்பதைவிடப் பாடசாலையை நிறுக்கும் தராசு. இத்தாலி முழுவதும் நடக்கிறது. ஆரம்பப் பாடசாலையில் இரண்டாம், ஐந்தாம் வகுப்புகளிலும், மேதியாவில் மூன்றாம் வருடத்திலும், மேல்நிலையில் இரண்டாம், ஐந்தாம் வருடங்களிலும் இது வரும். சிறியவர்கள் மே மாதத்தில் கடதாசியில் எழுதுவார்கள். மேதியாப் பிள்ளைகள் 2018 முதல் கணினியில், வழமையாக ஏப்ரலில், இத்தாலியம், கணிதம், ஆங்கிலம் மூன்றும் செய்கிறார்கள். இந்தப் புள்ளியைக் கொண்டு பிள்ளையை வகுப்பில் இருத்துவதில்லை. மேதியா இறுதிப் பரீட்சைப் புள்ளியிலும் இது சேர்வதில்லை.

ஆனால் மூன்றாம் மேதியாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, இச்சோதனைக்குத் தோற்றிய பிள்ளைதான் இறுதிப் பரீட்சை எழுதலாம். எவ்வளவு எடுத்தது என்பதல்ல, போய் இருந்து செய்ததா என்பதே கணக்கு. கீழ்வீட்டுப் பிள்ளையும் மூன்றாம் மேதியாதான்! நல்ல காலம், வகுப்பு ஆசிரியை தாயைக் கூப்பிட்டு விளக்கப்படுத்தி, வராத பிள்ளைகளுக்கு வைக்கும் பிந்திய நாளில் செய்யவைத்தார்.

சிசிலியின் பெறுபேறுகள் வருடாவருடம் வடக்கு மாகாணங்களைவிடக் கீழேதான் நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இத்தாலியத்தில் பின்தங்கினாலும், ஆங்கிலத்தில் இத்தாலியப் பிள்ளைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ செய்கிறார்கள் என்று அந்த நிறுவனத்தின் அறிக்கைகளே சொல்கின்றன. லண்டன், கனடாச் சொந்தங்களோடு ரெலிபோனில் கதைப்பது எங்கள் பிள்ளைகளுக்கு உதவுகிறதோ என்னவோ!

இதற்காக ரியூசனுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்களையும் மாதிரிகளையும் இன்வால்சி நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஆசிரியர்களும் அவற்றை வகுப்பில் செய்விக்கிறார்கள், ஒரு பிரதி கேட்டுப் பாருங்கள். இத்தாலியத் தாளில் கூடுதலாக வருவது ஒரு நீண்ட பந்தியும் அதன்மேல் கேள்விகளும். கணிதத்திலும் இதே தொல்லைதான். எங்கள் மூத்தவனுக்குக் கணக்கு நன்றாக ஓடும், ஆனால் கேள்வி விளங்காமல் பிழைவிடுவான். இப்போது இரவு சாப்பிட்டபின் ஒரு பந்தியை உரத்து வாசித்துவிட்டு, அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறானோ அங்கேதான் அவனுக்கு விளங்கவில்லை. இதைப் பிடிக்க நமக்கு இத்தாலியம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு: 1999ஆம் ஆண்டின் 394ஆம் இலக்க ஆணையின் 45ஆம் பிரிவுப்படி, பிள்ளையை வருடத்தின் எந்த நாளிலும் பாடசாலையில் சேர்க்கலாம். பாடங்களைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றவும், மேலதிக இத்தாலிய வகுப்பு ஒழுங்கு செய்யவும் ஆசிரியர் குழுவுக்கு அதில் இடமுண்டு. கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

இனி அந்தப் படிவம். தாய் தகப்பன் பிறந்த நாடு, படிப்பு, தொழில் ஆகியவற்றைப் பாடசாலை கேட்கும். எதற்கு இதெல்லாம் என்று அகதியாக வந்த எவருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். நாங்களும் முதல் தடவை வெறுமையாகவே கொடுத்தோம். பயம் பாதி, வெட்கம் பாதி. உரோமிலுள்ள அந்த நிறுவனத்துக்குப் போவது பெயரல்ல, ஒரு இலக்கம். அது எந்தப் பிள்ளையின் இலக்கம் என்பது பாடசாலைக்குத்தான் தெரியும். கூலிவேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையை வைத்தியர், வக்கீல்மாரின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை என்பதால்தான் இந்த விபரம். நாம் வெறுமையாக விட்டால் எங்கள் பிள்ளைகளோடு மாரடிக்கும் ஆசிரியைகளின் உழைப்புத்தான் கணக்கில் வராமல் போகும்.

அடுத்த முறை எழுதினோம். அந்தப் பட்டியலில் எங்கள் ஓ.எல். இருக்கவில்லை. வகுப்பு ஆசிரியையைக் கேட்டு அவர் காட்டிய கட்டத்தில் புள்ளடி போட்டு, தொழிலுக்கு நேரே தொழிற்சாலைத் தொழிலாளி என்று எழுதிக் கந்தோரில் நீட்டினோம். அங்கிருந்த அம்மா வாங்கிக் கட்டோடு வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.