பணித் திட்டக் கலையும் கிராம வேலைகளும்

நாற்று விட்ட நாளிலிருந்து நடவுக்கு ஏறக்குறைய 25 நாட்கள் ஆகும் என்பதை அறியாத விவசாயி இல்லை. அந்த நாட்களில் அவர் வாளா இருப்பதுமில்லை. நடவு வயலை உழுகிறார், வரப்புகளைச் செப்பனிடுகிறார், தழை உரம் இட்டு மிதிக்கிறார். நாற்று வளர்ந்த பிறகுதான் உழவைத் தொடங்குவேன் என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் நாற்று முற்றிவிடும், பருவமும் தவறிவிடும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும், எவை ஒருங்கே நடைபெறலாம் என்னும் இந்த அறிவைத்தான் பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் 'திட்ட மேலாண்மை' என்ற பெயரில் ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள். வயலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், பஞ்சாயத்தின் கட்டட வேலை என்று வந்துவிட்டால் மட்டும் இதனை மறந்துவிடுவது விந்தையே.

இம்முறை ஒரு பாடமாக உருப்பெற்ற வரலாறு மிகப் பழமையானதன்று. 1957-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் டூபாண்ட் என்னும் ரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் இதனை வகுத்தனர். லூயிவில் நகரிலிருந்த ஓர் ஆலையைப் பழுது பார்ப்பதற்காக நிறுத்தும்போதெல்லாம் சராசரி 125 மணி நேரம் உற்பத்தி நின்றுபோவது வழக்கம். புதிய முறையில் திட்டமிட்டபோது அது 93 மணி நேரமாகக் குறைந்தது. 1958-ல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதனையொத்த மற்றொரு முறையைக் கையாண்டது. ஆலைக்கும் ஏவுகணைக்கும் ஏற்பட்ட முறை நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஆலை நிற்கும் காலத்துக்குள் பழுது பார்ப்பதும், ஏரி வறண்டு கிடக்கும் காலத்துக்குள் மதகைக் கட்டுவதும் ஒரே தன்மையான வேலைகள்தாம். தவறினால் அங்கே உற்பத்தி போகும். இங்கே ஓராண்டு நீர் போகும்.

மதகையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிற்றேரிகள் நம் மாநிலத்தில் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. அத்தகைய ஏரி ஒன்றில் பழைய மதகை அகற்றிப் புதிய மதகு கட்ட, செப்டம்பர் முதல் தேதியன்று வேலை தொடங்குவதாக வைத்துக் கொள்வோம். பழைய கட்டுமானத்தை இடித்து அகற்ற 4 நாட்கள். அடித்தளம் தோண்ட 3. அடித்தளக் கான்கிரீட் போட 3. கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, சுவர் எழுப்ப 8. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஈரம் காத்து இறுகவிட 14. பின்பு கரையில் மண்ணிட்டு இறுக்க 5. நீரைத் திறந்து சோதிக்க ஒரு நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற வேண்டியவை. கூட்டினால் 38 நாட்கள்.

இவற்றோடு வேறு வேலைகளும் உண்டு. சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி ஆகியவற்றைக் கொண்டு சேர்க்க 6 நாட்கள் ஆகும்; இடிப்பும் தோண்டுதலும் நடைபெறும் 7 நாட்களுக்குள் அது முடிந்துவிடும். பாசன வாய்க்காலைத் தூர் வார 12 நாட்கள். மதகின் இரும்பு ஷட்டரை நகரத்துப் பட்டறையில் செய்து வாங்க 25 நாட்கள். அதனைப் பொருத்த 2 நாட்கள். ஷட்டரை முதல் நாளே செய்யச் சொல்லிவிட்டால் 25-ஆம் நாள் வந்துவிடும். 35-ஆம் நாள் வந்தாலும் கெடுதல் இல்லை. அதாவது அவ்வேலைக்கு 10 நாட்கள் சலுகை உண்டு. தூர் வாரும் வேலைக்கோ 25 நாட்கள் சலுகை. முன் சொன்ன 38 நாள் தொடருக்கு மட்டும் ஒரு நாள் சலுகையும் கிடையாது. அதில் எது ஒரு நாள் பிந்தினாலும் மொத்த வேலை ஒரு நாள் பிந்தும். இதனையே ஆங்கிலத்தில் 'கிரிட்டிகல் பாத்' என்கிறார்கள். நாம் நெருக்கடித் தொடர் என்று அழைக்கலாம்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து எண்ணினால் 38-ஆம் நாள் அக்டோபர் 8. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே மழைக்கு முன் மதகு தயாராகிவிடும். ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? முதலில் கட்டடம் முடியட்டும், ஷட்டருக்கு அப்புறம் சொல்லிக் கொள்ளலாம் என்கிறோம். கான்கிரீட் இறுகிய 32-ஆம் நாளன்று பட்டறைக்குப் போனால், 57-ஆம் நாள் ஷட்டர் வரும். பொருத்திச் சோதிக்கும்போது 60-ஆம் நாள், அதாவது அக்டோபர் 30 ஆகிவிடும். எவரும் சோம்பியிருக்கவில்லை, எவரும் பணத்தை வீணாக்கவில்லை. பத்து நாள் சலுகையுள்ள ஒரு வேலையைக் கடைசிக்குத் தள்ளியதால் 22 நாட்கள் போயின. அதற்குள் பெய்த மழை ஷட்டர் இல்லாத மதகின் வழியே ஓடிவிடும்.

இன்னொரு தவறும் சாதாரணமாக நிகழ்வதுண்டு. வேலை மந்தம் என்று புகார் எழுந்தவுடன், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆட்களைக் கூட்டுகிறோம். வாய்க்காலில் இரு மடங்கு ஆட்களை விட்டால் தூர் வாருதல் 6 நாட்களில் முடியலாம். ஆனால் மதகு ஒரு நாள்கூட முந்தாது. இடிக்கும் வேலையில் ஆட்களைக் கூட்டி 4 நாட்களை 2 ஆக்கினால் இரண்டு நாட்கள் மிச்சமாகும் என்று தோன்றும். அதுவும் சரியன்று. இடிப்பும் தோண்டுதலும் 5-ஆம் நாள் முடிந்தாலும் சிமெண்டும் ஜல்லியும் 6-ஆம் நாள்தான் வந்து சேரும். ஆகவே மிச்சமாவது ஒரே நாள். கூலி மட்டும் இரண்டு நாளுக்குக் கூடுதல். கான்கிரீட் இறுகும் 14 நாட்களையோ எத்தனை ஆட்களை வைத்தும் குறைக்க முடியாது. நாற்றங்காலில் நின்று நாற்றை வளரச் சொல்லி அதட்டுவது போன்றதே அது.

ஷட்டருக்கு 25 நாட்கள் என்றோமே, அந்தக் கணக்கு எவ்வாறு வந்தது? பட்டறைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாட்கள்? 20 என்கிறார். வழக்கமாக? 24. தகடு கிடைக்காமலோ மின்சாரம் நின்றோ தடங்கல் வந்தால்? 34. நடுவில் உள்ள எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 25 வருகிறது. கடற்படையினர் கையாண்ட முறை இதுவே. ஒருவர் முகத்துக்காகச் சொல்லும் ஒரே எண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இக்கணக்குகளைப் பட்டப் படிப்பு மாணவர்கள் வட்டங்களும் அம்புகளுமாக வரைந்து கற்கிறார்கள். கணிப்பொறியில் எண்களை இட்டால் படம் கணநேரத்தில் வந்துவிடும். எனினும் இக்கல்வியில் ஒரு குறை உண்டு என்பது என் கருத்து. தேர்வுத் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நாட்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கிராமத்தில் அவற்றை எவரும் அச்சிட்டுத் தருவதில்லை. கொத்தனாரிடமும், டிராக்டர் உரிமையாளரிடமும், மடைக்கு நீர் பாய்ச்சுபவரிடமும் கேட்டறிய வேண்டும். திருவிழா வாரத்தில் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நாட்களைத் தவறாகக் கணித்தவன் எவ்வளவு அழகான படம் வரைந்தும் பயனில்லை.

இக்குறையை நீக்க வழி இருக்கிறது. அது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது. 1956-ல் கிராமியக் கல்வி நிலையமாகத் தொடங்கி 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தில், மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணியாற்றுவது படிப்பின் ஒரு பகுதியாகும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்களும் கிராமங்களுக்கு வந்து அனுபவப் பயிற்சி பெறுகிறார்கள். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கத்தின் கீழ் உயர்கல்வி நிலையங்கள் கிராமங்களைத் தத்தெடுத்துக் கொள்கின்றன. இவ்வாறு வரும் மாணவர்களுக்கு வரவேற்பளித்து, குடும்பங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக, பஞ்சாயத்து அடுத்து மேற்கொள்ளவிருக்கும் ஒரு வேலையை, சிறு பாலமாயினும் சரி, குடிநீர்த் தொட்டியாயினும் சரி, அவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு ஒரு பணித் திட்டப் படம் தயாரித்துத் தரச் சொல்லலாம்.

அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வேலையின் நாட்களையும் யாரிடம் விசாரித்தார்கள் என்ற குறிப்பு முதலாவது. நெருக்கடித் தொடரில் உள்ளவை எவை, சலுகையுள்ளவை எவை என்பது இரண்டாவது. முதல் நாளன்றே பணம் கட்டியோ கடிதம் எழுதியோ தொடங்க வேண்டியவற்றின் பட்டியல் மூன்றாவது. ஷட்டர், மின் இணைப்பு, மோட்டார் போன்றவை பெரும்பாலும் இதில்தான் வரும். படத்தைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டலாம். வேலை நடக்க நடக்க, திட்டமிட்ட தேதிக்குப் பக்கத்தில் உண்மையில் முடிந்த தேதியைச் சிவப்பு மையால் குறித்து வரவேண்டும். வேலை முடிந்தபின் அந்தத் தாளின் பிரதி ஒன்றைக் கல்லூரி ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அவர் கொடுக்கும் கணக்கில் உண்மையான நாட்கள் இருக்கும்.