பவளப்பாறை மீளமைப்பில் தன்னார்வலர்

பவளப்பாறை மீளமைப்பு என்பது சிதைந்த பவளப்பாறைகளில் உயிருள்ள பவளத் துண்டுகளை நட்டும், அவற்றின் வளர்ச்சிக்குத் தடையானவற்றை அகற்றியும் பாறையை மீண்டும் வளரச் செய்யும் பணியாகும். உலகின் பல பகுதிகளில் ஆய்வாளர்களுடன் தன்னார்வலர்களும் இதில் ஈடுபடுகின்றனர். தமிழ்நாட்டில் இப்பணி மன்னார் வளைகுடாவில் நடைபெறுகிறது.

சிதைவின் பின்னணி

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் காணப்படுகின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடப் பணிகளுக்காகவும் இவை பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலைகளின் வேகத்தைத் தணிக்கும் பாறைகள் குறைந்ததால் மண்ணரிப்பு மிகுந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், பாறைகளே கரைக்கு அரண் என்ற எண்ணம் கடலோர மக்களிடையே வலுப்பெற்றது. பவளம் வெட்டுதலும் பெரும்பாலும் நின்றது.

நடும் முறை

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இங்கு மீளமைப்புப் பணியை மேற்கொண்டு வருகிறது. நலமான பவளங்களிலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்பட்டு, காங்கிரீட் பலகைகளில் கட்டப்படுகின்றன. அப்பலகைகள் கடலடியில் அமைத்த சட்டங்களின் மேல் வைக்கப்படுகின்றன. கிளைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. வரை வளரக்கூடியவை. திரள்வடிவப் பவளங்கள் மிக மெதுவாகவே வளர்கின்றன.

தன்னார்வலர்களின் பங்கு

பவளத்தை வெட்டுவதற்கும் இடம் மாற்றுவதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை. முக்குளிப்புப் பயிற்சியும் இன்றியமையாதது. எனவே நடும் பணியில் எவரும் நேரடியாக இறங்கிவிட இயலாது. நட்டவற்றைக் காப்பதிலேயே பொதுமக்களின் பங்கு பெரியது. பாறைகளில் சிக்கிய கைவிடப்பட்ட வலைகள் பவளக் கிளைகளை முறிக்கின்றன; அவற்றை நீக்குதல் முதன்மையான பணியாகும். கப்பாபைக்கசு என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்வது 2008இல் பதிவு செய்யப்பட்டது. இதன் சிறு துண்டு விடுபட்டாலும் மீண்டும் தழைப்பதால், கையால் அகற்றும் பணியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியுள்ளது.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2007இல் தொடங்கப்பட்ட பவள மீளமைப்பு அறக்கட்டளை, பயிற்சி பெற்ற தன்னார்வ முக்குளிப்போரைக் கொண்டு கடலடி நாற்றங்கால்களைத் தூய்மைப்படுத்துகிறது. பவள நாற்றுகளை நடுவதிலும் அவர்கள் உதவுகின்றனர்.

வரம்புகள்

கடல்நீர் வெப்பமடையும்போது பவள உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. வெப்பம் நீடித்தால் அவை மடிகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடுமையான வெளிறல் ஏற்பட்டது. 2023ஆம் ஆண்டின் வெப்ப அலையில் புளோரிடாவில் நடப்பட்ட பவளங்களும் பெருமளவில் அழிந்தன. புவி வெப்பமடைதலை மீளமைப்பால் தடுக்க இயலாது. ஆயினும் வலை, அயற்பாசி, மாசு போன்ற பிற இடர்களிலிருந்து விடுபட்ட பாறைகள், வெளிறலுக்குப் பின் மீண்டெழும் வாய்ப்புக் கூடுதலாகும். இவ்விடர்களைக் குறைப்பது கரையோர மக்களின் கைகளால் செய்யக்கூடிய பணியாகும்.