தார் சுற்றும் கைகளும் பள்ளிக்கூடமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் நாம் ஆய்வு நடத்தியபோது, கூலிப் பட்டியலில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே கண்ட தொகையைச் சரிபார்க்க அவர் இல்லத்திற்கே செல்ல நேர்ந்தது. அவர் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, ராட்டையின் முன் அவருடைய மகள் தார் சுற்றிக் கொண்டிருந்தாள். வயது பதினான்கு இருக்கும். கொடுத்த சேலைகள் எத்தனை, கூலி விகிதம் என்ன, சிக்கன நிதிக்குப் பிடித்தம் எவ்வளவு என்று நாம் கேட்டவற்றிற்கெல்லாம், தந்தையார் நினைவுபடுத்திச் சொல்லுமுன் அச்சிறுமி விடை கூறிவிட்டாள். அவள் கூறியதே சரி; பட்டியலில்தான் பிழை. எந்த வகுப்பில் படிக்கிறாய் அம்மா என்றோம். அவள் பேசவில்லை.

"எட்டாவதோட நிறுத்திட்டோங்க. பெரிய பள்ளிக்கூடம் அஞ்சு கிலோமீட்டர். போய் வரவே பொழுது சரியாயிடும். தார் சுத்த ஆள் வச்சா கூலியில என்ன மிஞ்சும்? கணக்கு பார்க்கிறவங்க, நீங்களே போட்டுப் பாருங்க" என்றார் தந்தையார்.

போட்டுப் பார்த்தோம். அவர் கணக்கில் தவறில்லை. பெண் கல்வியின் மேன்மையைப் பற்றி மேடைகளில் கூறப்படுவனவற்றுள் ஒன்றேனும் அவ்வேளையில் நம் வாயில் எழவில்லை. அன்று முதல் நம் மனத்தை விட்டு அகலாத இக்கணக்கையே இங்கு அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பெண்கள் கல்வி பெறாதிருந்தமைக்குப் பெரியோரின் குறுகிய மனப்பான்மையே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அது மெய்யே; ஆனால் முழு மெய்யன்று. சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது 1875ஆம் ஆண்டில். இலண்டன் பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1878இல். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகமோ ஆடவர்க்குரிய முழுப் பட்டத்தைப் பெண்களுக்கு அளிக்க 1948 வரை காலம் தாழ்த்தியது. கதவு திறந்த ஆண்டை மட்டும் பார்த்தால் நம் நாடு பின்தங்கியதன்று. எனினும் 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. கதவு திறந்திருந்தும் உள்ளே வருவோர் இல்லையெனில், வீட்டிற்கும் அக்கதவிற்கும் இடையிலுள்ள வழியைத்தான் ஆராய வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றில் அவ்வழி தெளிவாகத் தெரிகிறது. தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்தவர்; தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றது. பின்னர் வீட்டிலிருந்தே பாடம் கேட்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டியபோது, பெண்ணென்பதோடு தாயாரின் குலத்தையும் சொல்லி எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு, 1904இல் சேர்க்கச் செய்தார். மூடிய வண்டியில் சென்று, திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மன்னரின் ஆணையைப் பலரும் புகழ்வர், நாமும் புகழ்கிறோம். ஆனால் அந்த வண்டியை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் வண்டிக்கு வாடகையும், வீட்டுப் பாடத்திற்கு ஆசிரியரும், மகளைச் சம்பாத்தியத்திற்கு எதிர்பாராத குடும்பமும் அமைந்திருந்தமையால்தான் அந்த ஆணை பயன்பட்டது. அதே ஊரில் அதே ஆண்டில் ஒரு கைக்கோளர் வீட்டுச் சிறுமிக்கு மன்னர் அத்தகைய ஆணையைப் பிறப்பித்திருந்தால், அவ்வீட்டார் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்?

வழியை அமைப்பதே முதல் வேலை என்பதைச் செயலில் காட்டியவர் சகோதரி சுப்புலட்சுமி. இவரும் 1886இல் பிறந்தவரே. பதினோரு வயதளவில் மணம் முடித்து, விரைவிலேயே கைம்பெண்ணானார். தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். 1911இல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்றார். பெண்பிள்ளைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியர்களோ போதிய அளவில் இல்லை. வீட்டின் மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்ட இளங் கைம்பெண்களுக்குத் தங்க இடமும் உணவும் தந்து ஆசிரியப் பயிற்சி அளித்தால் இரு குறையும் ஒருங்கே தீருமென அவர் கண்டார். ஒரு சிலரோடு சொந்த இல்லத்தில் தொடங்கியது, அரசாங்க உதவியுடன் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் பெரிய விடுதியாக வளர்ந்தது. அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கென எழுந்த கட்டிடத்திலும் எல்லாப் பெண்களுக்கும் இடமில்லை. தேவதாசி மரபில் பிறந்த சிறுமியர் சிலர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுத் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது, முத்துலட்சுமி அம்மையார் அவர்களை ஏற்றுக்கொண்டு 1930இல் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார்.

தூரம் என்பது சிறிய தடையன்று. பீகார் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் சிறுமியர் மிதிவண்டி வாங்குவதற்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பின்னர் ஆராய்ந்த பொருளியலார், உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமியர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாகக் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களிலேயே பலன் மிகுதி. பாடத்தையோ பெற்றோர் மனத்தையோ எவரும் மாற்றவில்லை. இரண்டு சக்கரங்கள் மட்டுமே கொடுத்தார்கள்.

நம் மாநிலத்திலும் வழியமைக்கும் பணி நெடுநாளையது. 1956இல் பரவலான மதிய உணவும், 1982இல் அதன் விரிவான சத்துணவும் பசியென்னும் தடையை நீக்கின. 1989இல், எட்டாம் வகுப்பேனும் படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு உதவித்தொகை என மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வந்தது. திருமணத்தைக் காட்டியே படிப்பை நிறுத்திய பெற்றோரை, திருமணத்தைக் காட்டியே படிக்க வைக்கச் செய்த யுக்தி அது. நமக்கு அதில் சற்றுச் சிரிப்பும் உண்டு, மதிப்பும் உண்டு. 2022இல் அதனை மாற்றி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 அவள் கணக்கிலேயே செலுத்த ஏற்பாடாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73; ஆடவர் 87.

இவ்வளவும் இருக்க, முதலிற் சொன்ன சிறுமி ஏன் ராட்டையின் முன் அமர்ந்திருந்தாள்? 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைக்குமே உரியது. அது கைவிடும் எட்டாம் வகுப்பின் முடிவிலேயே வீட்டுத் தறி அவளைப் பிடித்துக் கொள்கிறது. இங்கு ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்: 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலுக்குத் துணைசெய்யலாம், ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டுமே. பயிர்த்தொழில் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். களையெடுப்பு நாட்களிலும் கடலை பறிக்கும் நாட்களிலும் பள்ளிப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரே வருகையின்மை விழுகிறதென்று அவர்களே அறிவார்கள்.

நம் சங்கங்களின் ஏடுகளில் இச்சிறுமியரின் உழைப்பிற்குப் பத்தியே இல்லை. சேலைக்குக் கூலி, கூலி அங்கத்தினர் பெயரில். சிட்டத்து நூலைத் தாராக்கியவள் யாரென்று எந்தப் பேரேடும் கேட்பதில்லை. ஏட்டில் ஏறாத செலவை மிச்சமென்று எண்ணுவது கணக்கறியாதார் வழக்கம். நாம் பட்டம் பெற்ற வரலாறும் அத்தகையதே. நம் விடுதிக் கட்டணம் மாதந்தோறும் தவறாது வந்தது. நம் தமக்கையார் ஏழாவதோடு நின்று தார் சுற்றியதால் மிஞ்சிய கூலியே அது என்பதை, வேலையில் அமர்ந்த பின்னரே கணக்கிட்டு அறிந்தோம். அவர் இன்றும் நம்மிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

கூட்டுறவிற்கு இது புதிய கடமையன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844இல் கடை தொடங்கிய முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி நூலகமும் படிப்பகமும் நடத்தினர். நம் சங்கங்களிலும் ஆதாயம் பங்கிடும்போது பொது நல நிதி என்றொரு தலைப்பு உண்டு. அது எங்கெங்கே செலவாகிறதென்பதை ஆய்வாளர் என்ற முறையில் நாம் அறிவோம். சுவர்க் கடிகாரங்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

மின்விசையில் இயங்கும் தார் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் நிறுவி, அங்கத்தினர் நூலை அடக்க விலைக்குச் சுற்றிக் கொடுத்தால், ஒரு தெருவிலுள்ள சிறுமியர் அனைவரின் பகற்பொழுதும் விடுதலையாகும். தொலைவிலுள்ள பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மிதிவண்டி வாங்க அங்கத்தினருக்குச் சிறு கடன் தந்து கூலியில் தவணையாகப் பிடிக்கலாம். துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்பதை முதலில் பார்த்து, இல்லையெனில் பேரவையில் திருத்தம் கொண்டுவர வேண்டும். தனி ஒரு நெசவாளரின் கணக்கில் இச்செலவு தாங்காது என்பதைத் தறிக்குழியிலிருந்த அவ்வங்கத்தினர் நமக்கு ஐயமறக் காட்டினார். நூறு பேருடைய கணக்கில் தாங்குமா என்பதை அச்சங்கத்தின் காரியதரிசியும் நாமும் ஒரு மாலை முழுதும் அமர்ந்து எழுதிப் பார்த்தோம், தாங்குகிறது. தீர்மான வாசகத்தை அவரிடம் கொடுத்து வந்திருக்கிறோம். பட்டியலிலிருந்த பிழையையும் திருத்தச் செய்தோம். அங்கத்தினருக்குச் சேர வேண்டியிருந்தது ரூ.640.