எழுதி வைத்துச் செபிப்போம்



நம் வீடுகளில் கணக்கு நோட்டுக்குக் குறைவே இல்லை. பால் ஊற்றிய கணக்குக்கு ஒன்று, மளிகைக் கடைக்கு ஒன்று, மகளிர் குழுச் சேமிப்புக்கு ஒன்று. நம் வீட்டுத் திருமணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பதை இருபது ஆண்டுகள் கழித்தும் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். மனிதர் செய்ததை மறந்துவிடக் கூடாது என்பதில் நமக்கு அவ்வளவு கவனம். கடவுள் நமக்குச் செய்ததை எழுதிவைக்க எந்த நோட்டு வைத்திருக்கிறோம்? அந்த நோட்டுக்குப் பெயர்தான் செபக் குறிப்பேடு.

2024 நவம்பர் 30 இரவை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த இரவுகளில் எத்தனை வீடுகளில் செபமாலை உருண்டது! எத்தனை பேர் வில்லியனூர் லூர்து அன்னையிடம் நேர்ந்துகொண்டார்கள்! தண்ணீர் வடிந்தது. வீட்டைக் கழுவினோம், நிவாரணத்துக்கு அலைந்தோம், மறுநடவு பார்த்தோம். அன்றிரவு என்ன சொல்லி மன்றாடினோம் என்று இன்று கேட்டால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் நலம் பெற்றார்கள். ஒருவர் மட்டுமே திரும்பி வந்து நன்றி சொன்னார். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. நலம் கிடைத்ததும் அவரவர் வழியே போய்விட்டார்கள். நம் நிலையும் பெரும்பாலும் அதுதான். திருத்தலத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிறோம். சீட்டு அங்கே போய்விடுகிறது, கேட்டது என்ன என்பதும் அதோடு போய்விடுகிறது. செபக் குறிப்பேடு அந்தச் சீட்டின் நகல் போன்றது. அது நம் கையிலேயே இருந்து, திரும்பி வரும் வழியை நமக்கு நினைவூட்டும்.

எழுதி வைப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதனால்தான் அந்தக் காலத்து ஊர் நடப்பெல்லாம் இன்றும் நமக்குத் தெரிகிறது. திருச்சபையின் புனிதர்களோ தம் உள்ளத்தில் நடந்ததை எழுதினார்கள். புனித லொயோலா இஞ்ஞாசியார் 1521இல் பீரங்கிக் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தாம் வாசித்தவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தார்; ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். பின்னாளில், 1544–45இல், திருப்பலியின்போது தமக்குக் கிடைத்த ஆறுதலையும் சிந்திய கண்ணீரையும் நாள்தோறும் குறித்தார்.

இவர்கள் படித்தவர்கள், நமக்கு இது ஒத்துவருமா என்று கேட்கலாம். போலந்து நாட்டுப் புனித பவுஸ்தினா பள்ளிக்குச் சென்றது ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள். மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையலறையும் தோட்டமும் வாயிற்காவலும். ஆன்ம குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அவர் எழுதிய ஆறு நோட்டுகள்தாம் இன்று உலகமெங்கும் இறை இரக்கப் பக்தியை வளர்க்கின்றன.

எப்படித் தொடங்குவது? பிள்ளைகளின் பழைய நோட்டில் மீதித் தாள் இருந்தால் போதும். இரவு குடும்பச் செபம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தேதி போடுங்கள். அன்றைய நற்செய்தியில் மனத்தில் தங்கியதை ஒரு வரியில் எழுதுங்கள். அன்று பெற்ற நன்மை ஒன்றுக்கு நன்றி எழுதுங்கள். யாருக்காக, எதற்காக மன்றாடுகிறோம் என்பதை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பதில் கிடைத்த நாளில் அங்கே தேதியோடு எழுதுங்கள். முதல் வெள்ளிதோறும் பழைய பக்கங்களை வாசியுங்கள். எந்தக் கோபம் மாதம்தோறும் திரும்பி வருகிறது என்பதும் அப்போது தெரியும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு அதுவே நல்ல தயாரிப்பு.

எழுத வராத பெரியவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். காலண்டரில் ஒரு குறி போட்டாலும் போதும். இஞ்ஞாசியாரின் குறிப்பேட்டிலேயே பிற்பகுதியில் பல நாள்களுக்குச் சில சுருக்கக் குறிகள்தாம் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். பிறர் குற்றத்தை இதில் எழுத வேண்டாம். அது செபமாகாது, வழக்காகிவிடும். எத்தனை செபமாலை சொன்னோம், எத்தனை நோன்பு இருந்தோம் என்று நம் புண்ணியத்தையும் கணக்கெழுத வேண்டாம். கோவிலில் நின்று தன் பெருமை பேசிய பரிசேயர் அதைத்தான் செய்தார்.

சில வலப்பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும். நோயாளிக்காக மன்றாடினோம், அவர் இறந்துபோனார். மகனின் குடி நிற்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடத் தோன்றும். கிழிக்க வேண்டாம். தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டியதைப் புனித பவுல் மறைக்காமல் எழுதினார். முள் நீங்கவில்லை, அருள் போதும் என்ற பதில் வந்தது. அதையும் எழுதினார். கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலவில்லை; ஆனால் மகன் தந்தையோடு பேசுவதை நிறுத்தவில்லை. வெறும் பக்கத்துக்கு எதிரே நம் மன்றாட்டு தொடர்ந்து எழுதப்படுகிறது என்றால், நம் நம்பிக்கை உயிரோடு இருக்கிறது என்று பொருள். தூக்கம் வராமல் புலம்பிய திருப்பாடல் ஆசிரியரும், ஆண்டவர் முன்பு செய்தவற்றை நினைத்துப் பார்த்துத்தான் தேறினார். நமக்கும் அப்படி ஓர் இரவு வரும். அன்று புரட்டிப் பார்க்கப் பக்கங்கள் வேண்டும் என்றால், இன்றே எழுதத் தொடங்குவோம்.

அனைத்தையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்து வந்த அன்னை மரியா, நமக்கு மறவாத மனத்தைப் பெற்றுத் தருவாராக. ஆமென்.