போதை ஊசியும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2018 டிசம்பரில் நம் விருதுநகர் மாவட்டத்தை உலுக்கிய செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைத் தானமாகக் கொடுத்த இளைஞருக்குத் தன் உடலில் தொற்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. உடனே அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. வேதனை தாங்காமல் அந்த மாத இறுதியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தாய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை கொடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. பின்னர் நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. மருந்து சேர்ந்த இடத்தில் ஓர் உயிர் காக்கப்பட்டது. தகவலும் ஆறுதலும் சேராத இடத்தில் ஓர் உயிர் போனது.

அந்தச் சம்பவத்துக்கும் போதைக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அதன் பாடம், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோருக்கு அப்படியே பொருந்துகிறது. வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழக இளைஞர்களிடம் பரவுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தும்போது, அதில் மீந்திருக்கும் ரத்தம் அடுத்தவரின் ரத்தக் குழாய்க்குள் நேராகப் போகிறது. அவர் திருமணமானவராக இருந்தால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. ஒன்றும் அறியாத மனைவிக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருகிறது.

தடுப்பு மருந்து என்பது என்ன?

தொற்று இல்லாதவர், தொற்று வராமல் இருக்கச் சாப்பிடும் மருந்துக்கு 'ப்ரெப்' என்று பெயர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரு மருந்துகள் சேர்ந்த ஒரு மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். தாய்லாந்தின் பாங்காக் நகரில் ஊசிப் போதைப் பழக்கமுள்ள சுமார் 2,400 பேரிடம், டெனோஃபோவிர் மட்டும் கொடுத்து ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியான அதன் முடிவின்படி, மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே புதிய தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகமாக இருந்தது. ஆபத்து அதிகமுள்ள அனைவருக்கும் ப்ரெப் கொடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூலையில் அது பரிந்துரைத்தது.

இந்த மருந்தைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சிறுநீரகத்தையும் மஞ்சள் காமாலை-பி தொற்றையும் பரிசோதிக்க வேண்டும். மஞ்சள் காமாலை-சி தொற்றை இந்த மருந்து தடுக்காது என்பதால் சுத்தமான ஊசியின் அவசியம் குறைவதில்லை.

எங்கே தடை?

நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் ப்ரெப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் தொற்று வந்த பின் 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் சிகிச்சையைப் போல, வராமல் தடுக்கும் இந்த மருந்து எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் மருத்துவர் சீட்டுடன் காசு கொடுத்தே வாங்க வேண்டும். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய சுமை. அதைவிடப் பெரிய தடை, "யாராவது பார்த்துவிட்டால்?" என்ற பயம்.

நாம் செய்யக்கூடியவை

• அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். விவரம் ரகசியமாகக் காக்கப்படும்.

• பிறர் பயன்படுத்திய ஊசி உடலில் ஏறிவிட்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரத் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும்.

• எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுத்தமான ஊசியும், போதையிலிருந்து மீளப் புப்ரினார்ஃபின் மாற்று மருந்தும் இலவசம். கிடைக்கும் இடத்தை 1097 என்ற எண்ணில் கேட்கலாம். போதை மீட்புக்கு 14446.

• 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிப்பதும், முடிவை வெளியே சொல்வதும் தவறு. திட்டத்தின் கீழ் சுத்தமான ஊசி தருவதும் பெறுவதும் குற்றமல்ல.

போதை ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதில் விழுந்த பிள்ளையின் உயிரைக் காப்பது, அந்தப் பாவத்துக்குத் துணைபோவது ஆகாது. உயிரோடு இருப்பவருக்குத்தான் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. ஜுமுஆ உரைகளில் போதையைக் கண்டிக்கும்போது, மீளும் வழியையும் இந்த எண்களையும் சேர்த்தே சொல்வோம். "அத்தாவிடம் சொன்னால் அடிக்க மாட்டார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்" என்று நம் பிள்ளை நம்பும்படி நம் வீடுகளை ஆக்குவோம், இன்ஷா அல்லாஹ்.