13 பிடியும் கேட்கலாமா?

சீட்டுக்கட்டைக் கண்டாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆனால், 2018ஆம் ஆண்டு ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் சிங்கப்பூர் வென்ற 4 தங்கங்களில் ஒன்று பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கிடைத்தது. ஆண்கள் குழுப் பிரிவு இறுதியில் சிங்கப்பூர் ஹாங்காங்கை வென்றது. இரட்டையர் பிரிவில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தனர்.

304 ஆடிப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. துருப்பு உண்டு, எதிரே கூட்டாளி உண்டு, ஆடுமுன் கேள்வி கேட்பதும் உண்டு. 52 சீட்டுகள், 13 பிடிகள். 12 பிடிகளைக் கேட்டு வென்றால் சிறு ஸ்லாம்; 13ஐயும் கேட்டு வென்றால் கிராண்ட் ஸ்லாம். கேட்காமல் வென்றால் அந்தப் பரிசு கிடையாது. அப்படியானால் எப்போது 13 கேட்பது?

குழு ஆட்டத்தில் ஒரே சீட்டுகளை இரு மேசைகளில் ஆடுகிறார்கள். ஆகவே, நல்ல சீட்டு வந்தது, கெட்ட சீட்டு வந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. பரிசும் தண்டமும் கூடுகிற ‘வல்னரபிள்’ நிலை இல்லாத ஆட்டத்தில், ஸ்பேட் துருப்பாக 12 கேட்டு 12 பிடித்தால் 980 புள்ளிகள். 12 கேட்டு 13 பிடித்தால் 1,010. 13 கேட்டுப் பிடித்தால் 1,510. ஒரு பிடி தவறினால் 50 புள்ளி தண்டம்.

தண்டம் 50தானே என்று நினைப்பதுதான் தவறு. கைக்கு வரவேண்டிய 980ம் கூடவே போய்விடுகிறது. எதிரணி மறு மேசையில் 12 கேட்டிருந்தால், வென்றவருக்கு 500 மிச்சம். தவறியவருக்கு 1,030 நட்டம். குழு ஆட்டத்தின் மதிப்பெண் அட்டவணைப்படி இவை முறையே 11, 14. எனவே, வெற்றி வாய்ப்பு 56 விழுக்காட்டைத் தாண்டினால்தான் 13 கேட்பது கட்டுப்படியாகும். குறிப்பிட்ட ராஜா ஒருவர் பக்கம் இருந்தால் வெற்றி, மற்றவர் பக்கம் இருந்தால் தோல்வி என்றால் வாய்ப்பு 50தான், கேட்கக்கூடாது. எதிரணியிடம் உள்ள 5 துருப்புகள் 3, 2 எனப் பிரிந்தால் போதும் என்றால் வாய்ப்பு 68, கேட்கலாம்.

ஆனால், எதிரணி ஸ்லாமே கேட்காமல் 10 பிடியோடு நின்றிருந்தால்? அப்போது 12 கேட்டாலே 11 மதிப்பெண் லாபம். 13 கேட்டு வென்றால் 14. கூடுதலாகக் கிடைப்பது 3தான். தவறினால் 11 லாபம் 11 நட்டமாக மாறும். 3க்கு ஆசைப்பட்டு 22ஐப் பணயம் வைக்க 88 விழுக்காடு வாய்ப்பு வேண்டும். சீட்டு கடினமாக இருந்து மறு மேசையில் 12கூடக் கேட்கமாட்டார்கள் எனத் தோன்றினால், 12 கேட்டு நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

கூட்டாளியின் கையில் எத்தனை ஆஸ் என்று அறிய ஈஸ்லி பிளாக்வுட் 1933ல் வகுத்த கேள்விமுறை இன்றும் பல வடிவங்களில் பயன்படுகிறது. ஆஸ்களை மட்டும் எண்ணினால் போதாது. 13 பிடிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதி இதற்குச் சான்று. பெர்முடாவில், ஆட்டம் முடியும் தறுவாயில், இத்தாலியின் பெல்லடோனா, கரோசோ இணை துருப்பு ராஜா இல்லாமலே 13 கேட்டது. அமெரிக்காவின் கான்டரிடம் இருந்த துருப்புகள் ராஜாவும் பத்தும் மட்டுமே. அதனால் ராஜா அகப்பட்டது. மறு மேசையில் அமெரிக்கர்கள் 12தான் கேட்டிருந்தனர். இத்தாலிக்கு 12 மதிப்பெண் லாபம். தவறியிருந்தால் அமெரிக்காவுக்கு 17. இத்தாலி கிண்ணத்தை வென்றது 26 மதிப்பெண் வித்தியாசத்தில். அந்த ஓர் ஆட்டம் மாறியிருந்தால் 29 கைமாறி, கிண்ணம் அமெரிக்காவுக்குப் போயிருக்கும்.

இத்தாலி வென்றது என்பதால் அது நல்ல கேள்வி ஆகிவிடாது. முடிவைப் பார்த்து மெச்சுவது வேறு. கேட்கும் நேரத்தில் கணக்குச் சரியா என்று பார்ப்பது வேறு. பிரிட்ஜ் கற்றுத்தரும் பாடம் அதுதான்.